200 லிட்டர் பேரலில் ஸ்மோக்கர்: காற்றுத் துளை எத்தனை, எங்கே?

வாடிப்பட்டி_தோட்டம்:
வணக்கம். தோட்டத்தில் வைத்துக்கொள்ள ஒரு ஸ்மோக்கர் செய்யப் போகிறேன். தணலில் சுடுகிற கிரில் இல்லை, மூடி போட்டு 110, 120 டிகிரியில் மணிக்கணக்காகக் கறியைப் புகையிலேயே வேகவைக்கிற அடுப்பு. கடையில் ரெடிமேடாக வருவது தகடு மெலிசாக இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகவில்லை. அதனால் 200 லிட்டர் இரும்பு பேரலில் நாமே செய்யலாம் என்று முடிவு, மச்சானுக்கு வெல்டிங் தெரியும். எந்த மாதிரி பேரல் வாங்குவது? காற்றுத் துளை எத்தனை, எந்த அளவில்? கரிக்கும் கறிக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும்? முதலில் வைக்கப்போவது வெள்ளாட்டுத் தொடை. தோட்டத்தில் வேம்பும் கொய்யாவும் நிறைய நிற்கின்றன, அதையே விறகாகப் போடலாமா?

கப்பலூர்_பட்டறை:
தம்பி, பேரலில் கோட்டை விட்டால் மற்றது எதுவுமே சரிவராது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கெமிக்கல், பெயின்ட், தின்னர் வந்த பேரலைத் தொடவே வேண்டாம். உள்ளே மிச்சம் இருக்கிற ஆவி, இரும்பு அறுக்கிற கிரைண்டரின் பொறி பட்டாலே வெடிக்கும், கழுவி வைத்தது என்று கடைக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து மாம்பழக்கூழ் வருகிற பேரல் கிடைத்தால் விடாதீர்கள். கூழ் தனிப் பைக்குள் இருப்பதால் இரும்பு சுத்தமாக இருக்கும். மேல்பக்கம் முழுதாகத் திறக்கிற மூடியும், அதை இறுக்கிப் பிடிக்கிற லாக் ரிங்கும் உள்ளதாகப் பாருங்கள். உள்ளே சிவப்பாகவோ பொன்னிறமாகவோ பூச்சு இருந்தால் விறகு போட்டு நன்றாக எரித்து, கம்பி பிரஷ் வைத்து வெறும் இரும்பு தெரிகிறவரை தேய்க்க வேண்டும். துத்தநாகம் பூசின ஜி.ஐ. தகடு, ஜி.ஐ. வலை எதுவும் உள்ளே போகக் கூடாது. சூடேறினால் அந்தத் துத்தநாகம் புகையும், அது மூச்சுக்கும் ஆகாது, கறிக்கும் ஆகாது.

அளவு இப்படி வையுங்கள். அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே முக்கால் அங்குலத் துளை மூன்று, சுற்றிலும் சம தூரத்தில். ஒன்றில் பால் வால்வு (ball valve, கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடுகிற வால்வு), மற்ற இரண்டுக்கும் திருகி அடைக்கிற மூடி. மேல்மூடியில் இரண்டு அங்குலக் குழாய் ஒன்று. புகை போகிற வழி காற்று வருகிற வழியை விடப் பெரிதாக இருக்க வேண்டும், அதை எப்போதும் திறந்தே வையுங்கள். சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் கீழே மட்டும்தான். மேலே அடைத்தால் புகை உள்ளேயே தேங்கி, கறியில் கசப்பான கருப்புப் பிசின் படியும். கரிக்கூடை ஒன்றரை அடி அகலம், ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், சாம்பல் விழ அடியில் மூன்று அங்குலக் கால். கரியின் மேல்மட்டத்திலிருந்து கறி வைக்கிற கம்பித் தட்டு வரை குறைந்தது ஒன்றரை அடி. மூடி உட்காருகிற விளிம்பில் சந்து இருந்தால் வால்வை எவ்வளவு திருகினாலும் சூடு கட்டுப்படாது. அங்கே கண்ணாடி இழைக் கயிறு ஒட்டலாம், அஸ்பெஸ்டாஸ் கயிறு வேண்டவே வேண்டாம்.

கரிமூட்டம்_திருப்புவனம்:
வேம்பு வேண்டாம், புகை கசக்கும். கொசுவுக்குப் போடுகிற புகையை யாராவது கறிக்குப் போடுவார்களா? யூகலிப்டஸ், பேக்கிங் பெட்டி உடைத்த பைன் பலகை, பெயின்ட் அடித்த கட்டை எல்லாம் அதே கணக்கு. அரளி விஷம், குச்சி கூடப் போடாதீர்கள். கொய்யா அருமையான மரம், மா, புளியும் நல்லது. ஆனால் வெட்டி ஆறு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும். விறகைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள், அதனால் வருவது வெறும் நீராவி.

சூட்டுக்கு நம்ம சீமைக்கருவேலக் கரியே போதும். அமெரிக்காவில் டெக்சாஸ்காரர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற மெஸ்கீட் இதற்குச் சொந்தக்கார மரம்தான், நாம் கண்மாயெல்லாம் வளரவிட்டுத் திட்டிக்கொண்டிருக்கிறோம். கூடை நிறைய எரியாத கரியைக் கொட்டி, நடுவில் குழி செய்து, பற்றவைத்த கரியை ஒரு கரண்டி மட்டும் போடுங்கள். அது மெல்ல மெல்லப் பக்கத்துக்குப் பரவும். கொய்யாக்கட்டை கைப்பிடி அளவில் மூன்று நான்கு துண்டு இடையில் புதைத்தால் போதும். தொடக்கத்தில் வெள்ளையாகக் குபுகுபு என்று வரும், அப்போது கறியை வைக்காதீர்கள். புகை மெலிந்து லேசான நீலமாகத் தெரியும்போது வையுங்கள்.

மானாமதுரை_மண்:
இரும்பு எதற்கு? பெரிய மண் தொட்டி ஒன்று வாங்கி, அடியில் மணல் பரப்பி, பக்கத்தில் துளையிட்டுச் செய்து பாருங்கள். சூடு ஒரே சீராக நிற்கும்.

கப்பலூர்_பட்டறை:
நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றிப் பழக்காமல் ஒரேயடியாகத் தீ வைத்தால் விரிசல் விடும். வால்வு பொருத்துவதும் கஷ்டம். முதல் அடுப்புக்கு இரும்புதான் நல்லது.

செல்லூர்_சமையல்:
அடுப்பைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், கறியைப் பற்றி நான் சொல்கிறேன். வெள்ளாட்டுப் பின்தொடையில் கொழுப்பு குறைவு, இத்தனை நேரம் வைத்தால் வறண்டுபோகும். கறிக்கடையில் முன்தொடையைத் தோள்பட்டையோடு முழுதாகக் கேளுங்கள். அதில் சவ்வு அதிகம், அந்தச் சவ்வு கரைந்தால்தான் கறி பஞ்சாகும். கறிக்குள்ளே 90 டிகிரி தாண்ட வேண்டும். உள்சூடு 65, 70 வாக்கில் வந்ததும் ஏறாமல் அப்படியே நின்றுவிடும். கறியில் உள்ள ஈரம் ஆவியாகிச் சூட்டை இழுத்துக்கொள்வதால் வருவது இது, பயந்துபோய் வால்வைத் திறந்து தீயைக் கூட்டாதீர்கள். அந்த நேரத்தில் வாழை இலையைத் தீயில் வாட்டி இரண்டு மடிப்பாகச் சுற்றிக் கட்டிவிட்டால் ஈரமும் போகாது, சூடும் ஏறும்.

கோழி என்றால் இந்தக் கணக்கு வேறு. அடுப்பில் 140 டிகிரியாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் ரப்பர் மாதிரி இழுக்கும். கறிக்குள் 74 வந்தால் எடுத்துவிடலாம். தோல் உரிக்காமல், மஞ்சள் தேய்த்துத் தீயில் வாட்டித் தருகிற நாட்டுக்கோழி இதற்கு நன்றாக இருக்கும். குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள், கொதிக்கிற தண்ணீரில் விட்டு 100 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வாடிப்பட்டி_தோட்டம்:
ரொம்ப நன்றி. அண்ணே, பேரலுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். இரண்டு சந்தேகம். இங்கே ஆடியில் மேல்காற்று பேயாக அடிக்கும், அப்போது வால்வு நிலைக்குமா? உள்ளே துருப்பிடிக்காமல் இருக்க என்ன பூசுவது?

கப்பலூர்_பட்டறை:
வால்வைக் கிழக்குப் பக்கம் திருப்பி வையுங்கள், மேற்கே ஒரு தகடு மறைப்பு நட்டுவிடுங்கள். காற்று நேராக உள்ளே புகுந்தால் துருத்தி ஊதின மாதிரிதான், 120 இருந்தது சட்டென்று 180 போகும். உள்ளே பெயின்ட் கூடாது. கடலை எண்ணெயை மெலிசாகத் தடவி, கறி வைக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் கரி போட்டு எரியுங்கள், கருப்பாகப் படிந்துவிடும். வெளியே மட்டும் சூடு தாங்குகிற பெயின்ட். மழையில் நனையவிடாதீர்கள், சாம்பலை ஒவ்வொரு தடவையும் அள்ளிவிடுங்கள். ஈரச் சாம்பல்தான் அடித்தகட்டை அரிக்கும்.