டெம்பே: ஓரம் வெள்ளை, நடுவில் கொழகொழப்பு. எங்கே தப்பு?

இட்லிப்பானை கேட்டது:

டெம்பே (தெம்பே என்றும் சொல்வார்கள்), அதாவது வெந்த சோயாவில் பூஞ்சை படரவிட்டுக் கட்டியாக்கும் இந்தோனேசியப் பண்டம், செய்து பார்த்தேன். காய்ந்த சோயா பீன்ஸ் 500 கிராம். இரவு முழுக்க ஊறவைத்துத் தோலைக் கசக்கி எடுத்ததில் பாதிதான் கழன்றது. குக்கரில் 6 விசில். வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டில் ஸ்டார்ட்டர் தூள் (பூஞ்சை உறை) ஒரு டீஸ்பூன் கலந்து, ஊசியால் துளையிட்ட ஜிப் பையில் 4 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, ஓவனுக்குள் பல்பை எரியவிட்டு 36 மணி நேரம். வெளியே 33 டிகிரி.

ஓரங்களில் வெள்ளையாக நன்றாகப் படர்ந்திருக்கிறது. நடுவில் வெட்டினால் பழுப்பு, நூல் இழுக்கிறது, அமோனியா வாடை. துளைகளைச் சுற்றிக் கறுப்பு. ஸ்டார்ட்டர் கெட்டதா? வினிகர் சேர்க்கவில்லை, அது கட்டாயமா? அடுத்த முறைக்கு இதிலிருந்தே உறை எடுத்து வைக்கலாமா?

பூசணவாசி:

ஸ்டார்ட்டர் மேல் பழி இல்லை. ஓரத்தில் வெள்ளை படர்ந்ததே அதற்குச் சாட்சி. நடுப்பகுதி வெந்து போயிருக்கிறது.

தோசை மாவை வைத்து இதை அளந்தால் தப்பாகும். மாவில் வேலை செய்பவை பாக்டீரியாவும் ஈஸ்டும், காற்றில்லாமலும் பொங்கும். டெம்பேயில் வேலை செய்வது ரைசோபஸ் என்ற பூஞ்சை. அதற்குக் காற்று வேண்டும், 30 முதல் 32 டிகிரி வேண்டும். முதல் 12 மணி நேரம் நாம் சூடு கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அது தானே சூடு கிளப்பும். உள்ளே வெளியை விட ஏழெட்டு டிகிரி கூடுதலாக ஏறுவது சாதாரணம். உள் சூடு 42ஐத் தாண்டினால் பூஞ்சை ஓய்ந்துவிடும், சூட்டைத் தாங்கும் பேசில்லஸ் வகை பாக்டீரியா அந்த இடத்தைப் பிடிக்கும். நூல் இழுப்பதும் அமோனியா வாடையும் அதன் வேலை. வெளியே 33 இருக்கும்போது ஓவன் பல்பு தேவையே இல்லை. போதாததற்கு 4 செ.மீ. கனம். சூடு வெளியேற வழியில்லை, காற்று உள்ளே போகவும் வழியில்லை. 2.5 செ.மீ.க்கு மேல் போகாதீர்கள்.

இரண்டாவது காரணம் ஈரம். சோயாவுக்கு 6 விசில் அதிகம். மசிந்த பருப்பு இடைவெளியை அடைத்துக்கொள்ளும். சுண்டல் பதம் போதும்: விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், கூழாகக் கூடாது. தோல் நீக்கிய பருப்பு திறந்த பாத்திரத்தில் 40 நிமிடத்தில் இந்தப் பதத்துக்கு வந்துவிடும். குக்கர்தான் வேண்டுமென்றால் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். சோயா நுரையும் தோலும் விசில் ஓட்டையை அடைக்கும்.

வடித்த பிறகு அதே பாத்திரத்தில் சிறு தீயில் ஐந்து நிமிடம் புரட்டி, பழைய வேட்டித் துணியில் பரப்பி மின்விசிறிக் காற்றில் ஆறவிடுங்கள். ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டால் உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. "கை பொறுக்கும் சூடு" என்பதை நம்பவே வேண்டாம். கை 45ஐக்கூடப் பொறுக்கும். 35க்குக் கீழே இறங்கிய பிறகே தூளைத் தூவி, இரண்டு நிமிடமாவது கிளறுங்கள். பைத் துளைகள் ஒன்று, ஒன்றரை செ.மீ. இடைவெளியில் இருபுறமும். பையைக் கம்பித் தட்டின் மேல் வையுங்கள், அடிப்பக்கமும் மூச்சு விடும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கறுப்பு என்பது பூஞ்சை முதிர்ந்து வித்து விட்டது. துளையருகே காற்று அதிகம், அங்கேதான் முதலில் வரும். வெறும் கறுப்பு, சாம்பல் நிறத்தால் கேடில்லை. ஆனால் உங்கள் துண்டில் கொழகொழப்பும் இருக்கிறது, ஆகவே முழுதும் குப்பைக்கு. ஓரத்தை மட்டும் வெட்டிச் சாப்பிட நினைக்காதீர்கள். பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு எதைக் கண்டாலும் அப்படியே.

முறமும்சுளகும்:

தோல் விஷயத்தை யாரும் தொடவில்லையே. தோலுக்குள் பூஞ்சை இழை நுழையாது; பாதித் தோல் இருந்தால் பாதிப் பிடிப்புதான், வெட்டும்போது உதிரும். ஊறிய பயறைக் கசக்கி மாளாது. காய்ந்த பயறை மில்லில் இரண்டாக மட்டும் உடைபடும்படி உடைத்து, முறத்தில் புடைத்துவிட்டு ஊறவையுங்கள். மிச்சத் தோல் ஊறும் தண்ணீரில் மிதக்கும், உளுந்து களைவது போல நாலைந்து தண்ணீரில் களைந்தால் போகும். மிக்சியில் உடைக்க வேண்டாம், குருணை நிறைய விழும், அது மறுபடி ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

வினிகர்: பாக்டீரியாவுக்குப் பிடிக்காத புளிப்பைக் கொடுக்கத்தான். 500 கிராமுக்கு 3 டேபிள்ஸ்பூன், வடித்த பிறகு புரட்டும்போது ஊற்றினால் ஈரத்தோடு வாடையும் போய்விடும். புதிதாகச் செய்பவர் விடவே கூடாது என்பது என் கட்சி.

ஜொகூர்க்காரி:

கட்சி சரிதான், ஆனால் டெம்பேயின் தாயகமான இந்தோனேசியாவின் ஜாவாவில் வினிகர் ஊற்றும் வழக்கம் இல்லை. அந்த வெப்பத்தில் ஊறும் தண்ணீரே ஒரு நாளில் நுரைத்துப் புளித்துவிடும், அந்தப் புளிப்புதான் காவல். உங்கள் ஊரும் சூடுதான். 24 மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீர் புளிப்பு வாடை வந்தால் வினிகரைக் குறைக்கலாம். குளிர்சாதன அறையில் ஊறினால் அது நடக்காது.

ஸ்டார்ட்டரை இங்கே மலேசியாவில் ராகி தெம்பே என்பார்கள். மலாயில் ராகி என்றால் உறை. கேழ்வரகு என்று நினைத்துவிட வேண்டாம். கடையில் ராகி தாப்பாய் என்று வெள்ளை உருண்டையும் இருக்கும், அது புளித்த சோற்றுப் பண்டத்துக்கு. அதைத் தெம்பேக்குப் போட்டால் வீண்.

வாழையிலையில் கட்டுவதானால் இலையைத் தணலில் வாட்டி, துடைத்து, இரண்டு கை அளவுப் பொட்டலமாக மடியுங்கள். மடிப்புகள் வழியே போகும் காற்று போதும், துளை வேண்டாம். பையை விட இதில் ஈரம் ஒழுங்காக நிற்கும், மணமும் கூடும்.

உறை எடுத்து வைப்பது பற்றி. ஜாவாவில் பழைய முறைக்கு உசார் என்று பெயர்: பூவரசுக்கு நெருங்கிய உறவான வாரு மரத்து இலைகளை, பூஞ்சை படியும்படி வெந்த சோயாவோடு வைத்து, கறுத்ததும் உலர்த்தி, அடுத்த ஈட்டில் தேய்ப்பார்கள். வீட்டில் என்றால் நன்றாக வந்த ஒரு துண்டை மட்டும் மூன்று நாள் விட்டுக் கறுக்க வைத்து, மெல்லியதாக நறுக்கி, 40 டிகிரிக்குக் கீழே உலர்த்தி, வறுத்து ஆறிய அரிசி மாவோடு பொடித்து வையுங்கள். இரண்டு மூன்று தலைமுறைக்கு மேல் இழுக்காதீர்கள், வேண்டாத பாக்டீரியா சேர்ந்துகொண்டே போகும். கெட்ட ஈட்டிலிருந்து ஒருபோதும் எடுக்கக் கூடாது.

இட்லிப்பானை:

நன்றி. சோயாவோடு கொஞ்சம் தேங்காய்த் துருவலும் சேர்க்கலாம் என்று நினைத்தேன். செய்து முடித்ததை எத்தனை நாள் வைக்கலாம்?

பூசணவாசி:

தேங்காய் வேண்டவே வேண்டாம். மத்திய ஜாவாவில் பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையில் செய்யும் தெம்பே போங்ரெக் பலரைக் கொன்றது. தேங்காயில் ஒரு பாக்டீரியா புகுந்தால் போங்ரெகிக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்கும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. இந்தோனேசிய அரசு 1988இல் அதைத் தடை செய்தது. தேங்காய் ஆசையைச் சமைக்கும்போது குழம்பில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

வைப்பது: 24 முதல் 30 மணி நேரத்தில், கட்டி முழுதும் வெள்ளையாகி, ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் உடையாமல் நின்றால் எடுத்துவிடலாம். காளான் மணம் வரும். பூஞ்சை உயிரோடு இருக்கும்வரை சூடு கிளப்பும், அதனால் கட்டிகளை அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் நடுக்கட்டி மறுபடி கெடும். இட்லித் தட்டில் 15 நிமிடம் ஆவியில் வேகவிட்டு, ஆறவைத்து, தனித்தனியாக வையுங்கள். ஃபிரிட்ஜில் ஐந்தாறு நாள், ஃப்ரீசரில் மூன்று மாதம்.

ஜொகூர்க்காரி:

ஒரு வார்த்தை. தெம்பேயில் வைட்டமின் பி12 கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார வேண்டாம். இந்தப் பூஞ்சை பி12 தராது. கடைத் தெம்பேயில் சில நேரம் இருப்பது கூடவே வளரும் பாக்டீரியா போட்டது. தூய ஸ்டார்ட்டரில் செய்தால் அதுவும் இராது.

முதல் ஈட்டை மெல்லிய துண்டுகளாக்கி, பூண்டு, மல்லி, மஞ்சள் அரைத்த உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு எடுத்து எண்ணெயில் பொரியுங்கள். குழம்பில் போடுவதெல்லாம் இரண்டாவது ஈட்டுக்கு.