3800 மீட்டர் ஆழமும் 3 நிமிடச் சுருளும்

(2003-இல், ஜேம்ஸ் கேமரூனின் ‘கோஸ்ட்ஸ் ஆஃப் தி அபிஸ்’ என்ற முப்பரிமாண டைட்டானிக் ஆவணப்படம் ராட்சத ஐமேக்ஸ் திரைக்கு வருமுன், ஒரு இணையக் குழுவில் நடந்த வாக்குவாதம்.)

ஆழி:
நேற்று வெள்ளித்திரை எழுதியது: “ஏப்ரல் 11 வரட்டும். கேமரூன் 70 மி.மீ. ஃபிலிம் கேமராவையே டைட்டானிக்குக் கொண்டுபோய் எடுத்திருக்கிறார். ராட்சதத் திரையில் கப்பல் தகடுகளை இணைக்கும் ரிவெட்டை எண்ணலாம்.”

தாராளமாக எண்ணுங்கள். முப்பது லட்சம் இருக்கிறது. ஆனால் 2001 ஆகஸ்ட், செப்டம்பரில் கீழே போனது டிஜிட்டல் எச்.டி. கேமரா. அதுவும் ஜோடியாக, நம் இரண்டு கண் மாதிரி பக்கத்துப் பக்கத்தில். ராட்சத ஃபிலிம் ஏன் போகவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஒரு ஃபிரேமுக்கு ஃபிலிம் ஓரத்தில் 15 துளை, நொடிக்கு 24 ஃபிரேம். நிமிடத்துக்கு 102 மீட்டருக்கு மேல் ஓடித் தீரும். 1000 அடிச் சுருள் 3 நிமிடத்தில் காலி. இறங்க மட்டும் இரண்டரை மணி நேரம், படம் 3 நிமிடம்!

வெள்ளித்திரை:
ஃபிலிமைத் தொட்டுப் பார்க்காதவர்களுக்கு 3 நிமிடம் என்றால் ஏதோ சாபம் போல. கேமராவை நிறுத்தாமல் ஓட்டச் சொன்னது யார்? ஒரு ஷாட் 10 நொடி என்றால் ஒரு சுருளில் 18 ஷாட். 1991-இல் ஆவணப்பட இயக்குநர் ஸ்டீபன் லோ, கேமரூன் போன இதே மிர் நீர்மூழ்கிக் கலங்களில் இறங்கி, இதே கப்பலை, ராட்சத ஃபிலிமில்தானே எடுத்தார்? அப்போது உங்கள் 3 நிமிடம் எங்கே போயிருந்தது?

உங்கள் எச்.டி.யின் கணக்கை நான் சொல்கிறேன். அகலத்துக்கு 1920 புள்ளி. 22 மீட்டர் அகலத் திரையில் ஒரு புள்ளி 11 மி.மீ.க்கு மேல் வரும். 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் கண்ணில் உறுத்தும். திரையோ கிட்டத்தட்ட சதுரம். அதை நிரப்பப் பக்கவாட்டில் வெட்டினால் மிஞ்சுவது 1544 புள்ளி. இதற்குப் பெயர் ராட்சதத் திரைப் படமா?

ஆழி:
லோ கேமராவை எங்கே வைத்தார் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். கலத்துக்கு உள்ளே வைத்தார். மிரில் ஆட்கள் உட்காரும் கோளத்தின் உள்விட்டம் 2.1 மீட்டர், அதற்குள் மூன்று ஆட்கள், கருவிகள். வெளியே பார்க்க நடுவில் 20 செ.மீ. கண்ணாடித் துளை ஒன்று, பக்கத்துக்கு 12 செ.மீ. துளை ஒவ்வொன்று. துளையோடு ஒட்டி நிற்கும் கேமராவைத் திருப்ப முடியாது. கப்பலின் முகப்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை காட்ட வேண்டுமென்றால் 18 டன் கலமே திரும்ப வேண்டும்.

கேமராவை வெளியே, அழுத்தம் தாங்கும் உறையில் வைத்தால் இஷ்டத்துக்குத் திருப்பலாம். ஆனால் 380 வளிமண்டல அழுத்தத்தில் நீந்திப்போய்ச் சுருள் மாற்றுவது யார், நீங்களா? 1995-இல் கேமரூன் 35 மி.மீ. கேமராவை வெளியே மாட்டி 12 முறை இறங்கினார். சுருள் தீர்ந்தால் அன்றைய படப்பிடிப்பு முடிந்தது. அந்தப் பாடம் படித்தவர்தான் இப்போது ஃபிலிமை மேலேயே விட்டுவிட்டுப் போனார். ஆகவே 3 நிமிடம்.

வெள்ளித்திரை:
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால், தான் பிடித்த சுருளுக்கு மூன்றே நிமிடம். 2500 அடி ஃபிலிம் கூடு மாட்டினால் 7 நிமிடம் 26 நொடி. வகுத்தல் தெரியும்தானே?

ஆழி:
தெரியும். முப்பரிமாணத்துக்கு இரண்டு சுருள் என்பதால் இரண்டால் பெருக்கவும் தெரியும். அந்த முப்பரிமாண ஃபிலிம் கேமரா வெறுமனேயே 100 கிலோவுக்கு மேல். அதையும் இரண்டு 2500 அடிச் சுருளையும் விழுங்கும் உறையைச் செய்து, மிரின் மூக்கில் தொங்கவிட்டு, கலம் தலைகுப்புறக் கவிழாமலிருக்க வாலில் எடை கட்டி... சரி, நீங்களே இறக்குங்கள்.

துருவன்:
இரண்டு பேரும் தண்ணீரை மறந்துவிட்டீர்கள். அந்த ஆழத்தில் சூரிய ஒளி சுத்தமாகக் கிடையாது. விளக்கின் ஒளி கப்பல்வரை போய்த் திரும்பி லென்ஸுக்கு வருவதற்குள் சிவப்பு போய்விடும். கப்பலில் தொங்கும் துரு விழுதுகளின் செம்பழுப்பு நிறம் சில மீட்டர் தள்ளினாலே நீலச் சாம்பலாகத்தான் தெரியும். விளக்கை லென்ஸுக்கு ஒட்டி வைத்தால் மிதக்கும் துகள் ஒவ்வொன்றும் பளிச்சிட்டுப் படம் முழுக்கப் பனி கொட்டும். அதனால்தான் இந்த முறை தனியாக ஒரு விளக்கு மேடையைக் கப்பலுக்கு மேலே தொங்கவிட்டார்கள். துகளும் சிதறலும் தின்றது போக மிஞ்சும் கூர்மைக்கு 15 துளை என்ன, 1920 என்ன?

தவிர, கப்பலுக்கு உள்ளே போவது உங்கள் இருவரின் கேமராவும் அல்ல. ஜேக், எல்வுட் என்ற இரண்டு குட்டி ரோபோக்கள். பெரிய படிக்கட்டு இருந்த குழி வழியாக டி தளம்வரை இறங்குகின்றன. கலத்தோடு இணைக்கும் ஒளியிழையைத் தாமே சுமந்து, போகப் போகப் பின்னால் அவிழ்த்துவிடும். வெளியிலிருந்து இழுத்தால் முதல் திருப்பத்திலேயே தகரத்தில் மாட்டி அறுந்துவிடும். இந்த மாதிரி ரோபோவைக் கொஞ்சம் மிதக்கும்படியே எடை பார்த்து வைப்பது வழக்கம். கீழே இறங்க அதன் உந்துவிசிறி தண்ணீரை மேல்நோக்கித் தள்ளும், தரை வண்டல் கிளம்பாது. எடை கூடிவிட்டால் நேர் எதிர்: தண்ணீர் தரையில் அடித்து ஒரே கலங்கல், அரை மணி நேரம் ஒன்றும் தெரியாது. அவற்றின் கேமரா ரொம்பச் சின்னது. அதைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?

வெள்ளித்திரை:
துருவன் சொல்வது இருக்கட்டும். ஆழி ஐயா 7 நிமிடத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆழி:
3 நிமிடத்துக்கு நீங்கள் சொல்லுங்கள். 1985-இல் அமெரிக்க ஆய்வாளர் பல்லார்ட் இந்தக் கப்பலைக் கண்டுபிடித்ததே, கடலடியில் இழுத்துச் சென்ற ஆர்கோ என்ற கேமரா வண்டியின் வீடியோவில்தான், அதுவும் அப்போதைக்கப்போதே திரையில் பார்த்து. ஃபிலிமை நம்பியிருந்தால் முதலில் தெரிந்த டைட்டானிக் கொதிகலனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருப்பார்கள்.

நங்கூரன்:
பல்லார்ட், பல்லார்ட், பல்லார்ட்! பிரெஞ்சுக் குழுவின் தலைவர் ழான்-லூயி மிஷேல் என்று ஒருவர் இருந்தது ஞாபகமே வராதா? அந்தக் கோடையில் பிரெஞ்சுக்காரர்கள் ஒலியால் தேடும் சோனாரை இழுத்துக்கொண்டு வாரக்கணக்கில் தேடிக் கழித்துவைத்த பரப்பு போக மிச்சத்தில்தான் ஆர்கோ போனது. செப்டம்பர் 1 பின்னிரவில் கொதிகலன் திரையில் தெரிந்தபோது பல்லார்ட் தன் அறையில் இருந்தார், பணியில் இருந்தவர் மிஷேல். போன வருடமும் இதையே எழுதினேன். ஆழி அப்போதும் கண்டுகொள்ளவில்லை.

வெள்ளித்திரை:
அதே பயணத்தில் ஆங்கஸ் என்ற கேமரா வண்டி 35 மி.மீ. ஃபிலிமில் படங்களை அள்ளி வந்ததையும் ஆழி கண்டுகொள்ளவில்லை. ஃபிலிம்!

ஆழி:
ஸ்டில் போட்டோவுக்கு நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுமா? 3 நிமிடம் என்பது ஓடும் படத்துக்கு. நங்கூரன், மிஷேலுக்குத் தனி விவாத இழை திறந்துகொள்ளுங்கள்.

நங்கூரன்:
பதில் இல்லாதபோது தனி இழை! இருக்கட்டும், வெள்ளித்திரைக்கும் ஒன்று. கேமராவில் ஓடுவது 65 மி.மீ. ஃபிலிம். திரையிடும் பிரதிதான் 70. “70 மி.மீ. கேமரா” என்று தொடங்கியதே தப்பு.

வெள்ளித்திரை:
அந்த 5 மி.மீ.யைப் பிடித்துக்கொண்டு கரையேறுங்கள். ஃபிலிமின் அருமை தெரிந்தவனுக்குத்தான் சுருள் மாற்றும் பாடும் தெரியும். ஃபிலிமைக் கோத்து, மேலும் கீழும் தொய்வு வளையத்தை அளவாக விட வேண்டும். வளையம் சின்னதானால் துளை கிழியும், பெரிதானால் கேமராவுக்குள் உரசிச் சிக்கும். கடைசியாக, ஃபிலிமில் ஒளி விழும் ‘கேட்’ என்ற சட்டத்தைத் துடைத்து விளக்கடித்துப் பார்க்க வேண்டும். ஒரு மயிர் ஒட்டியிருந்தால் ஆறு மாடித் திரையில் வடக்கயிறாகத் தொங்கும். இத்தனையையும் அந்த 2.1 மீட்டர் கோளத்துக்குள், வெளியே 2 டிகிரிக் குளிரில், சுவரெல்லாம் நீர் வியர்க்கும்போது 1991-இல் செய்தார்கள். எச்.டி.க்கு என்ன, பொத்தானை அமுக்கினால் போதும்.

ஆழி:
நன்றி. 3 நிமிடத்துக்கு ஒருமுறை அத்தனையும் என்று சேர்த்திருந்தால் என் வேலை முடிந்திருக்கும்.

துருவன்:
எல்வுட்டின் பேட்டரி கப்பலுக்குள்ளேயே செத்துப்போய், அதை ஜேக்கை வைத்து மீட்டிருக்கிறார்கள். ராட்சதத் திரையில் பார்க்க வேண்டியது அது. நீங்கள் துளை எண்ணுங்கள்.

வெள்ளித்திரை:
எந்தக் கேமராவில் எடுத்தாலும், திரையரங்குக்குப் பெட்டியில் வரப்போவது 15 துளை 70 மி.மீ. பிரதி. நான் சொன்னது அதைத்தான்.

ஆழி:
நீங்கள் சொன்னது “கேமராவையே கொண்டுபோய்”. மேலே முதல் பதிவில் அப்படியே ஒட்டிவைத்திருக்கிறேன், அழிக்க மாட்டேன்.

வெள்ளித்திரை:
7 நிமிடம் 26 நொடி.

நங்கூரன்:
மிஷேல்.