திடல் சமையல் விறகுக்கு எந்த செயின்சா?

மாதவரம் (சமையல் கான்ட்ராக்ட்):
தோப்பு, திடல் என்று கேம்ப் போட்டு அண்டா பிரியாணி ஆக்கும் வேலை. விறகை உருட்டுக்கட்டையாக எடுத்துப்போய் அங்கேயே அறுக்க ஒரு மெஷின் வேண்டும். சவுக்கும் வேலிகாத்தானும்தான். மிஞ்சிப்போனால் ஒரு அடி குறுக்களவு. பாரிமுனையில் 58 சிசி, 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) உள்ளதை எடுத்துக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

தண்டையார்பேட்டை (டூ ஸ்ட்ரோக் மெக்கானிக்):
வேண்டாம்ணா. ஒரு அடி கட்டைக்கு 16 இன்ச் பாரும் 40 முதல் 45 சிசி இன்ஜினும் தாராளம். 22 இன்ச் பார் போட்ட மெஷின் பாரோடு சேர்த்து ஏழு கிலோவைத் தொடும். குனிந்து அறுக்கும்போது முனை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பின்னால் கிடக்கிற கட்டையில் முனையின் மேல்பாதி இடித்தால் மெஷின் ஆள் முகத்துக்கே எகிறும். அதனால் முன்கைப்பிடிக்கு எதிரே இருக்கும் செயின் பிரேக்கைக் கடையிலேயே தட்டிப் பாருங்க. இன்ஜின் ஓடாதபோது பிரேக்கை முன்னால் தட்டிட்டு, கிளவுஸ் போட்ட கையால் இழுத்தாலும் செயின் நகரக்கூடாது.

ஸ்டிக்கரை நம்பாதீங்க. புக்லெட்டில் போர் (சிலிண்டர் குறுக்களவு) 45.2 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 34 மி.மீ. என்று இருந்தால் கணக்கு 54.5 சிசிதான் வரும், ஸ்டிக்கரில் 58 என்று போட்டிருந்தாலும். அதைவிட முக்கியம், அந்த மாடலுக்கு ஸ்பேர் செயின் பக்கத்தில் கிடைக்குதா என்பது. செயின் வாங்கும்போது பிட்ச் (லிங்க் இடைவெளி), கேஜ் (பார் பள்ளத்தில் ஓடும் பல்லின் தடிமன்), டிரைவ் லிங்க் (அந்தப் பற்களின் எண்ணிக்கை) மூன்றையும் சொல்லணும். “16 இன்ச் குடு” என்று மட்டும் கேட்டால் மாட்டிப்பீங்க. 16 இன்ச்சிலேயே 55 லிங்க்கும் உண்டு, 56-ம் உண்டு. ஒரு லிங்க் குறைந்தால் பாரில் ஏறாது.

சின்ன மெஷின் எடுத்து மிச்சமாகும் காசில் இரண்டு ஸ்பேர் செயின், சரியான அளவில் உருண்டை அரம், அரம் பிடிக்கும் கைடு, காது மூடி, கண்ணாடி வாங்கிடுங்க.

வியாசர்பாடி (எலக்ட்ரிகல்):
கரண்ட் மெஷின் மண்டபத்துக்கு ஓகே, தோப்புக்கு ஆகாது. 2000 வாட்ஸ் மெஷின் ஒன்பது ஆம்ப் இழுக்கும். சின்ன 5 ஆம்ப் பிளக்கில் சொருகினால் பிளக்கே உருகும். 15 ஆம்ப் பிளக், 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர் வேண்டும். மெல்லிசான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் காயில் சூடேறும். சீரியல் லைட்டுக்கு வரும் குட்டி ஜெனரேட்டர் இதை இழுக்காது. மழை ஈரத்தில் எடுக்கவே எடுக்காதீங்க.

செங்குன்றம் (விறகுத் தொட்டி):
மெஷின் எதுவானாலும் கட்டையைத் தரையில் போட்டு அறுத்தால் செயின் காலி. பார் கட்டையைத் தாண்டி ஒரே ஒரு தடவை மண்ணைத் தொட்டால் போதும், அத்தனை பல்லும் மழுங்கிடும். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் மணல் தரை, கேட்கவே வேண்டாம். சவுக்குப் பட்டை இடுக்கிலும் மணல் ஒட்டியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் அறுக்கிற இடத்தை மட்டும் தேய்த்துட்டு மெஷினை வைங்க. முழங்காலுக்கு மேல் உயரத்தில் எக்ஸ் வடிவில் இரண்டு ஜோடி கட்டை அடித்து ஒரு குதிரை செய்துக்கோங்க.

கட்டை இரண்டு பக்கமும் தாங்கி நடுவில் அறுத்தால் மேல்பக்கம் நெரியும், பார் மாட்டிக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கி, மீதியைக் கீழிருந்து மேலே அறுங்க. ஒரு முனை வெளியே தொங்கினால் நேர்மாறு: முதலில் கீழே கொஞ்சம், பிறகு மேலிருந்து. மாட்டிக்கிச்சுன்னா முறுக்கி இழுக்காதீங்க. இன்ஜினை நிறுத்திட்டு வெட்டில் மர ஆப்பு அடித்தால் தானாக விடும்.

அடுப்புக்கு ஒன்றரை அடி நீளம் சரி. வேலிகாத்தான் காய்ந்தால் இரும்பு. பச்சையாக இருக்கும்போதே துண்டு போட்டு, கோடாலியால் பிளந்து காயவையுங்க. அறுக்கவும் லேசு, சீக்கிரமும் காயும்.

காசிமேடு:
பழைய விசைப்படகு உடைத்த கட்டை மலிவு என்று இதில் அறுக்காதீங்க. ஆணி, போல்ட் உள்ளே ஓடியிருக்கும், செயின் பல் தெறிக்கும். பெயின்ட் ஏறின பலகை சமையல் அடுப்புக்கும் ஆகாது. ரோட்டோரம் விழுந்த மரமும் அப்படித்தான். விளம்பரத் தட்டி அடித்த ஆணியைப் பட்டை மூடியிருக்கும், வெளியே தெரியாது.

மாதவரம்:
செயின் மழுங்கிடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அரம் எந்த அளவு?

தண்டையார்பேட்டை:
விழுகிற தூளைப் பாருங்கண்ணா. சீவலாக விழுந்தால் செயின் நல்லா இருக்கு. மாவாக விழுந்தால், ஆள் மெஷினை அழுத்த வேண்டி வந்தால், அரம் போடும் நேரம். அழுத்தி அழுத்தி அறுத்தால் பாரும் கிளட்ச்சும் சூடாகித் தேயும்.

பிட்ச் 3/8 இன்ச் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) செயினுக்கு 4 மி.மீ. அரம், பிட்ச் .325 இன்ச் செயினுக்கு 4.8 மி.மீ. பல்லின் உள்பக்கமிருந்து வெளிப்பக்கம் 30 டிகிரியில் தள்ளணும், திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிடணும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. வலது பக்கப் பல் நீளமாகவும் இடது குட்டையாகவும் ஆனால் வெட்டு வளைந்து போகும். பல்லுக்கு முன்னால் இருக்கும் மேடு பல் நுனியைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்கணும். அதைத் தட்டை அரத்தால் கவனமாகக் குறைங்க. அதிகம் குறைத்தால் மெஷின் கட்டையைக் கவ்வி இழுக்கும்.

செயின் டைட்: பாரின் அடியில் தொங்கக்கூடாது, கிளவுஸ் போட்ட கையால் இழுத்தால் தாராளமாக ஓடணும். சூட்டோடு டைட் வைத்தால் வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்திடுங்க. ஆறும்போது சுருங்கி பாரைப் பிடிக்கும்.

பெட்ரோல் டேங்க் நிரப்பும்போதெல்லாம் செயின் ஆயிலும் நிரப்புங்க. வண்டியில் வடித்த பழைய ஆயில் வேண்டாம், இரும்புத் தூள் பம்ப்பை அடைக்கும். செயின் ஆயில் கிடைக்கலைன்னா புது 20 டபிள்யூ 40 இன்ஜின் ஆயில் ஊற்றலாம். பார் முனையை ஒரு வெள்ளை அட்டைக்கு நேரே பிடித்து ரேஸ் பண்ணினால் ஆயில் கோடு விழணும். விழலைன்னா பாரைக் கழற்றி, பள்ளத்தையும் ஆயில் துளையையும் சுரண்டுங்க. மாட்டும்போது பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும்.

பெட்ரோலில் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) கலவை மெஷின் புக்கில் போட்டபடி. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 25-க்கு 1 என்றால் 40. ஊற்றின இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணாதீங்க. பத்தடி தள்ளி வந்து இழுங்க. எரியும் அடுப்புப் பக்கம் கேனைக் கொண்டே போகாதீங்க. லுங்கியோடு யாரையும் மெஷினைத் தொட விடாதீங்க.

கொருக்குப்பேட்டை:
ஒன்று சேர்த்துக்கோங்க. இப்போ பம்ப்பில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், கடல் காற்றில் ஈரம் இழுக்கும். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீங்க. ஐப்பசி, கார்த்திகையில் ஆர்டர் இல்லாமல் மெஷின் சும்மா கிடந்தால் டேங்க்கை வடித்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்க. இல்லைன்னா கார்ப்பரேட்டர் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) விறைத்து, தை மாத முகூர்த்தத்துக்கு எடுக்கும்போது ஸ்டார்ட் ஆகாது.