மாருதி 800க்கு ஷாக் அப்சார்பர்: கேஸா, ஆயிலா, ரீகண்டிஷனா? உதவி தேவை

காங்கேயம் காளை:
வணக்கம்ங்க. அப்பா வாங்கின 2006 மாடல் மாருதி 800, இப்போ என் கையில. ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியாச்சு. இன்ஜின் தங்கம், அதனால விக்க மனசில்லை. ஷாக் இதுவரைக்கும் மாத்தினதா பில் எதுவும் இல்லை.

ஸ்பீடு பிரேக்கர்ல இறங்கும்போது முன்னாடி இடது பக்கம் "டொக்"னு ஒரு சத்தம். பிரேக்கை அழுத்தி நிறுத்தும்போதும் அதே சத்தம் ஒரே ஒரு தடவை வருது. ஊதியூர் தாண்டி ரோடு காலியா இருக்கும்போது 70க்கு மேல போனா, சின்ன மேடு ஏறி இறங்கினாலும் பின்பக்கம் ரெண்டு மூணு தடவை தூக்கித் தூக்கிப் போடுது. பின் சீட்ல மூணு பேர் உட்கார்ந்தா வண்டி பின்னாடி அப்படியே குந்திக்குது.

எங்க மெக்கானிக் நாலு ஷாக்கையும் மாத்திடலாம்ங்கிறார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில "கேஸ் ஷாக் போடுங்க, வண்டி உயரமும் கிடைக்கும்"ங்கிறாங்க. இன்னொரு பட்டறையில பழசையே ஆயில் மாத்தி ரீகண்டிஷன் பண்ணித் தர்றேங்கிறாங்க, பாதி செலவுதான். கம்பெனி ஒரிஜினல் வாங்கறதா, கேப்ரியல் மாதிரி வெளி பிராண்டா? யாராவது வழி சொல்லுங்க.

ஸ்பேனர் பதினாலு:
தம்பி, நீங்க எழுதியிருக்கறது மூணு வெவ்வேறு நோய். மூணுக்கும் ஒரே மாத்திரை கேக்கறீங்க. பிராண்டை அப்புறம் பாத்துக்கலாம்.

முதல்ல அந்த "டொக்". பிரேக் பிடிக்கும்போது ஒரே தடவை வருதுன்னா ஷாக் மேல எனக்குச் சந்தேகம் குறைவு. 800ல முன்னாடி லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டி அடியோட இணைக்கற இரும்புக் கை) ஒத்தைக் கை மாதிரி இருக்கும். அது முன்னும் பின்னும் நகராம பிடிச்சு வெச்சிருக்கறதே ஸ்டெபிலைசர் பார்ங்கிற கம்பிதான். அந்தப் பாரோட முனையில இருக்கற ரப்பர் புஷ் தேஞ்சா, பிரேக் அடிக்கும்போது சக்கரம் ஒரு நூல் பின்னாடி நகர்ந்து இடிக்கும், விட்டா திரும்பி வரும். அதுதான் அந்தச் சத்தம். வண்டியை ஜாக்கியில தூக்கி, ஸ்டாண்ட் வெச்சுட்டு, ஒரு டயர் லீவரை புஷ் பக்கத்துல கொடுத்து நெம்பிப் பாக்கச் சொல்லுங்க. லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் ரெண்டையும் அப்போவே பாத்திடலாம். இதெல்லாம் ஷாக் விலையில சின்னப் பங்குதான்.

அடுத்தது ஸ்ட்ரட் மவுண்ட். ஸ்ட்ரட்ங்கிறது முன்னாடி ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒண்ணா சேர்ந்த தூண், அதை மேல பாடியோட பிடிக்கறது மவுண்ட். பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் மேல்முனையில கை வெச்சுக்கோங்க, இன்னொருத்தர் ஸ்டீயரிங்கை இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பட்டும். ஸ்பிரிங் முறுக்கி விடற மாதிரி "டங்"னு கையில அதிர்ந்தா மவுண்ட் பேரிங் போயிடுச்சு.

பின்னாடி தூக்கிப் போடறது மட்டும்தான் நேரடியா ஷாக் பிரச்சினை. பின் ஷாக் உடம்புல விரலை வெச்சுப் பாருங்க. லேசா எண்ணெய்ப் பிசுக்கும் அதுல தூசியும் ஒட்டியிருந்தா பரவாயில்லை. ஈரமா வழிஞ்சு கீழ் புஷ் வரைக்கும் இறங்கியிருந்தா கதை முடிஞ்சுது. டயரையும் உள்ளங்கையால தடவுங்க. ஒரு இடம் மேடு, ஒரு இடம் பள்ளம்னு மாறி மாறி தட்டுப்பட்டா, சக்கரம் ரோட்டுல துள்ளித் துள்ளி ஓடியிருக்குன்னு அர்த்தம்.

நெல்லை டிரைவர்:
இவ்வளவு எதுக்கு அண்ணாச்சி? பம்பர் மேல ஏறி ஒரு அமுக்கு அமுக்கி விட்டா தெரிஞ்சிரும்லா. ஒரு தடவை எழும்பி நின்னா நல்ல ஷாக், ஆடிக்கிட்டே இருந்தா போன ஷாக்.

ஸ்பேனர் பதினாலு:
ஆடிக்கிட்டே இருந்தா போயிடுச்சுன்னு சொல்லலாம், அதுல சண்டை இல்லை. ஆடலைன்னா நல்லா இருக்குன்னு சொல்ல முடியாதுங்க. கையால அமுக்கற வேகம் ரொம்பக் கம்மி. 60, 70ல குழியில விழும்போது பிஸ்டன் ஓடற வேகமே வேற. பாதி செத்த ஷாக்கும் அந்த அமுக்குல பாஸ் ஆயிடும்.

காங்கேயம் காளை:
நன்றிங்க அண்ணா. சாயங்காலம் பாத்துட்டேன். பின்னாடி வலது ஷாக் நல்லா நனைஞ்சிருக்கு, இடது காஞ்சிருக்கு. அப்போ வலது மட்டும் மாத்தினாப் போதுங்களா? இன்னொண்ணு, குந்தறதுக்கு என்ன வழி? கடைக்காரர் சொன்ன மாதிரி கேஸ் ஷாக் போட்டா தூக்குமா?

பழைய வண்டிப் பிரியை:
ஒத்தையா மாத்தாதீங்க. ஒரு ஆக்சிலுக்கு ரெண்டும் ஜோடியாத்தான் மாத்தணும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் தளர்ந்ததுன்னா வளைவுல வண்டி ஒரு மாதிரி, நேர் ரோட்டுல ஒரு மாதிரி நடந்துக்கும். முன்னாடி நல்லா இருந்தா முன்னாடி ஜோடியை இப்போ தொட வேண்டாம். நாலும் ஒண்ணா மாத்தியே ஆகணும்னு கட்டாயம் எதுவும் இல்லை.

உயரத்துக்கு வர்றேன். வண்டியைத் தாங்கறது ஸ்பிரிங். ஷாக்கோட வேலை அந்த ஸ்பிரிங் ஆட்டத்தை அடக்கறது மட்டும்தான்: உள்ள இருக்கற பிஸ்டன் ஓட்டை வழியா எண்ணெயைப் பிதுக்கி, ஆட்டத்தைச் சூடா மாத்தி வெளிய விடுது. குந்தினா ஸ்பிரிங்கைத்தான் சந்தேகப்படணும். சமதரையில நிறுத்தி, காலி வண்டியில, சக்கர மையத்துல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் வெச்சு அளந்து பாருங்க. இடத்துக்கும் வலத்துக்கும் வித்தியாசம் தெரிஞ்சாலோ, ரெண்டுமே இதே மாதிரி இன்னொரு நல்ல 800ஐ விடத் தாழ்ந்திருந்தாலோ ஸ்பிரிங் களைச்சுப் போச்சு. 800ல பின்னாடி ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அதனால தனியா மாத்திக்கலாம்.

"கேஸ் போட்டா உயரம்"ங்கிறது பாதி வியாபாரப் பேச்சு. கடையில கேஸ்னு விக்கறதுல ரெண்டு ஜாதி இருக்கு. நம்ம வண்டிகளுக்கு வர்றது பெரும்பாலும் இரட்டைக் குழாய், எண்ணெய்க்கு மேல குறைஞ்ச அழுத்தத்துல நைட்ரஜன். அது எண்ணெய் நுரைக்காம இருக்கத்தான். குண்டும் குழியுமான ரோட்டுல தொடர்ந்து ஓடும்போது சாதா ஆயில் ஷாக்ல எண்ணெயும் காத்தும் கலந்து நுரை கட்டி பிடிமானம் போயிடும். கேஸ் இருந்தா அது தாமதப்படும். இது வண்டியைத் தூக்கற அளவுக்குத் தள்ளாது. இன்னொரு ஜாதி ஒற்றைக் குழாய், அழுத்தம் பல மடங்கு அதிகம். அது பிஸ்டன் தண்டை வெளிய தள்ளும்தான், கொஞ்சம் உயரமும் கிடைக்கலாம். ஆனா அறுநூத்தைம்பது கிலோ சொச்சம் இருக்கற வண்டிக்கு அவ்வளவு விறைப்பு எதுக்கு? காலி வண்டியில பின்பக்கம் முயல் குட்டி மாதிரி குதிக்கும்.

நெல்லை டிரைவர்:
ஸ்பிரிங் வேண்டாம், செலவு. சுருளுக்கு நடுவுல திணிக்கற ரப்பர் பஃபர் இருக்கு, அதைப் போடுங்க. நான் டாக்ஸில ஓட்டுறப்போ எல்லாவனும் அதைத்தான் போட்டிருந்தான். இல்லைன்னா ஆல்ட்டோ ஷாக் போடலாம், கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

ஸ்பேனர் பதினாலு:
ரப்பர் பஃபர் ரெண்டு சுருளைக் கட்டிப் போட்டுடுது. மீதிச் சுருள்தான் எல்லா வேலையும் செய்யணும். ஏற்கெனவே துருப்பிடிச்ச பழைய ஸ்பிரிங்ல அது உடையறதுக்கு வழி. புது ஸ்பிரிங் ஜோடியே போடுங்க.

ஆல்ட்டோ விஷயம்: பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும், ஆனா ஆல்ட்டோ கொஞ்சம் கனமான வண்டி. ஷாக்ல வால்வை வண்டி எடைக்குத் தகுந்த மாதிரிதான் வெப்பாங்க. போல்ட் மாட்டுதுங்கிறதுக்காக எடுக்காதீங்க. ஆர்.சி. புக்ல இருக்கற சேசிஸ் நம்பரைக் கொடுத்து உங்க வருஷத்துக்கான பார்ட் நம்பரைக் கேளுங்க.

ரீகண்டிஷன் வேண்டவே வேண்டாம். இந்த ஷாக்கெல்லாம் சீல் பண்ணி வர்ற சாமான். வெட்டித் திறந்து ஏதோ ஒரு எண்ணெயை ஊத்தி, வெல்டு வெச்சுக் கொடுப்பாங்க. தண்டுல இருக்கற குரோம் பூச்சு தேஞ்சிருந்தா புது சீலும் நாலு மழைக்குத் தாங்காது. உள்ள வால்வு என்ன கதியில இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

கம்பெனி ஒரிஜினலா வெளி பிராண்டாங்கிறதுக்கு என் பதில்: கார் கம்பெனிகளுக்கே ஷாக் சப்ளை பண்ற கேப்ரியல் மாதிரி ஆளுங்க வெளி மார்க்கெட்லயும் விக்கறாங்க. ரெண்டுல எதுவானாலும் சரி, போலி இல்லாமப் பாத்துக்கோங்க. பில் போடற டீலர்கிட்ட வாங்குங்க, பெட்டியில தயாரிச்ச மாசம் பாருங்க. பழைய 800 சாமான் சில கடையில வருஷக்கணக்கா தூங்குது. வண்டி தயாரிப்பே 2014லயே நின்னு போச்சே. புஷ் ரப்பர்ல வெடிப்பு இருந்தா திருப்பிக் கொடுத்திடுங்க.

இன்னொண்ணு. ஷாக் வாங்கற அன்னைக்கே பம்ப் ஸ்டாப் (ஷாக் அடி வரைக்கும் போய் முட்டாம தடுக்கற ரப்பர்), டஸ்ட் கவர் புதுசு வாங்குங்க. கிழிஞ்ச டஸ்ட் கவரோட புது ஷாக் மாட்டினா, மண்ணு தண்டுல ஒட்டி சீலை அறுத்திடும். பம்ப் ஸ்டாப் உதிர்ந்து போயிருந்தா ஒவ்வொரு குழிக்கும் ஷாக் அடி வரைக்கும் போய் முட்டும்.

காங்கேயம் காளை:
புரிஞ்சுது. மாட்டும்போது நான் பக்கத்துல நிக்கப் போறேன். எதைக் கவனிக்கணும்?

பழைய வண்டிப் பிரியை:
புது ஷாக் கடையில படுத்துக் கிடந்திருக்கும், உள்ள காத்து தப்பான அறைக்குப் போயிருக்கும். வண்டியில எப்படி நிக்குமோ அப்படியே நிமிர்த்திப் பிடிச்சு, முழுசா அமுக்கி முழுசா இழுத்துன்னு சில தடவை பண்ணினா காத்து அந்த அறையை விட்டு வெளிய வந்திடும். ஆரம்பத்துல நடுவுல "லொடக்"னு ஒரு வெத்து இடம் தெரியும், போகப் போக ஒரே சீரா இறுகும். இதைப் பண்ணாம மாட்டிட்டு "புது ஷாக்கே டிஃபெக்ட்"னு திருப்பிக் கொண்டு வர்றவங்க நிறைய.

பின்னாடி ரெண்டு ஷாக்கையும் ஒரே நேரத்துல கழட்ட விடாதீங்க. ஆக்சில் தொங்கி பிரேக் ஹோஸை இழுக்கும், ஸ்பிரிங் நழுவி விழவும் செய்யும். ஆக்சிலுக்கு அடியில ஜாக்கி கொடுத்து, ஒவ்வொரு பக்கமா செய்யணும். தண்டு சுத்தாம இருக்க பிளையர்ல கவ்வறவங்க இருக்காங்க. குரோம்ல ஒரு கீறல் விழுந்தாலே லீக்தான்.

கடைசியா, கீழ் புஷ் போல்ட்டை வண்டியை இறக்கி, எடை சக்கரத்துல விழுந்த பிறகுதான் முழு முறுக்கு முறுக்கணும். தொங்கும்போதே முறுக்கினா ரப்பர் எப்பவும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழிஞ்சிடும்.

ஸ்பேனர் பதினாலு:
முன்னாடி ஸ்ட்ரட்டைக் கழட்டற நிலைமை வந்தா, ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாத பட்டறையில வேலை கொடுக்காதீங்க. மேல் நட்டைச் சும்மா கழட்டினா ஸ்பிரிங் தெறிச்சு ஆளையே அடிக்கும். வேலை முடிஞ்சதும் அலைன்மென்ட் கட்டாயம்.

காங்கேயம் காளை:
வேலை முடிஞ்சுதுங்க. அண்ணா சொன்ன இடமேதான்: ஸ்டெபிலைசர் பார் புஷ் இடது பக்கம் பிஞ்சு, கையில எடுத்தா துண்டு துண்டா வந்துச்சு. ரெண்டு பக்கமும் மாத்தினதும் "டொக்" போயிடுச்சு. முன் ஸ்ட்ரட் காஞ்சிருக்கு, மவுண்ட்டும் சரி, அதனால தொடலை. பின்னாடி குறைஞ்ச அழுத்த கேஸ் ஷாக் ஜோடி, பம்ப் ஸ்டாப், புது ஸ்பிரிங். மெக்கானிக் முதல்ல சொன்ன நாலு ஷாக் தொகையைவிடக் கம்மியாத்தான் ஆச்சு. ஊதியூர் ரோட்டுல இப்போ ஒரே ஆட்டத்தோட அடங்கிடுது.

ஆனா காலியா ஓட்டும்போது பின்னாடி முன்னை விடக் கொஞ்சம் கடினமாத் தெரியுது. இது சரியாகுங்களா?

ஸ்பேனர் பதினாலு:
செத்த ஷாக்கோட மிதப்புக்குப் பழகின உடம்புக்கு அப்படித்தான் இருக்கும். அதுக்கு முன்னாடி டயர் காத்தைப் பாருங்க. பங்க்ல எல்லா வண்டிக்கும் ஒரே அளவா 35 அடிச்சு விடற பழக்கம் இருக்கு. 800க்கு அது ரொம்ப அதிகம். மேனுவல்ல போட்டிருக்கற அளவு வெச்சு ஓட்டிட்டு எழுதுங்க.