மறுமொழி: இலையூட்டமா, இலைவழி ஊட்டலா?

அனைவருக்கும் வணக்கம்.

சத்துக் கரைசலைச் செடியின் இலையில் தெளித்து ஊட்டுவதற்கு (foliar feeding) தமிழில் என்ன சொல் என்பதுதான் பேச்சு. கோலாலம்பூர் நண்பர் அதற்கு 'இலையூட்டம்' என்று எழுதியதிலிருந்து இரண்டு நாளாக அதையே மென்றுகொண்டிருக்கிறேன். சின்னச் சொல், வாயில் நிற்கிறது. ஆனால் பாலூட்டல் என்றால் பாலை ஊட்டுவது, சோறூட்டல் என்றால் சோற்றை ஊட்டுவது. அந்த வரிசையில் 'இலையூட்டல்' என்றதும் ஆட்டுக்குத் தழை கொடுப்பதுதான் எனக்குக் கண்ணில் வருகிறது. 'இலையுண்ணல்' இன்னும் மோசம், கம்பளிப்பூச்சி வந்து உட்கார்ந்துவிடும். நடுவில் 'வழி' இருந்தே ஆகவேண்டும். தமிழ்நாட்டு வேளாண் எழுத்துகளிலும் 'இலைவழி' புழக்கத்தில் இருக்கிறது.

சரி, அடுத்த சிக்கல். இங்கே நடப்பது இரண்டு வேலை. தெளிப்பது நாம், உள்ளே எடுப்பது இலை. நாம் செய்வது 'இலைவழி ஊட்டல்', அதில் சண்டை இல்லை. இலை செய்வதற்கு 'உறிஞ்சல்' என்கிறீர்கள். உறிஞ்சல் என்றால் எனக்குச் செண்டோல் (தேங்காய்ப்பால் ஐஸ் பானம்) கடை ஸ்ட்ராதான் ஞாபகம் வருகிறது. இலையின் மேலே மெழுகுப் படலம் இருக்கிறது. தண்ணீர் வீணாகாமல் காப்பதே அதன் வேலை. தெளித்த துளி காயாமல் இருக்கும்வரை, கரைந்த சத்து அந்தப் படலத்தின் வழியாகவும் ஓரளவு இலைத்துளை வழியாகவும் மெல்ல நுழைகிறது. துளி காய்ந்தால் உப்பு வெளியிலேயே தங்கிவிடும். 'உட்கசிவு' என்று ஒருவர் சொன்னது இந்த இடம்வரை அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அதற்குப் பிறகு செல் சவ்வு சில அயனிகளை (மின்னேற்றம் உள்ள சத்துத் துகள்களை) ஆற்றல் செலவழித்து உள்ளே இழுக்கிறதே, அதைக் கசிவு என்று சொல்லமுடியாது. அதனால் என் ஓட்டு 'இலைவழி ஏற்பு'. 1950களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் கதிரியக்க ஐசோடோப்புகளை (கதிர்வீச்சால் இருக்குமிடம் காட்டும் அணுக்களை) வைத்துப் பின்தொடர்ந்தது இந்த ஏற்பையும், ஏற்ற சத்து செடிக்குள் எங்கே போகிறது என்பதையும்தான்.

எல்லாச் சத்தும் ஒரே மாதிரி போவதில்லை. யூரியா சீக்கிரம் நுழைந்துவிடும், அதன் நைட்ரஜன் மற்ற பாகங்களுக்கும் போகும். கால்சியம் விழுந்த இலையைவிட்டு அநேகமாக நகராது. தக்காளி இலையில் கால்சியம் அடித்துவிட்டு, காயில் கால்சியம் குறைவதால் வரும் அடி அழுகல் நிற்கும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். ஏற்பு நடந்தது, காய்க்கு ஊட்டம் போகவில்லை. இரண்டு சொல் வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி ஐந்தடியில் (வீட்டு முன் நடைபாதையில்) ஓர் எலுமிச்சைச் செடி. கண்மதிப்பாக இரண்டு கரண்டி யூரியாவைக் கரைத்து நட்டநடுப் பகலில் அடித்தேன். மறுநாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்து, நடுவில் வெள்ளைப் பொரிப்பொரியாக உப்பு. தோட்டத்தில் (எஸ்டேட்டில்) வெளிக்காட்டு வேலை பார்த்த அம்மா எட்டிப் பார்த்து, "மருந்து அடிக்கிறதா இருந்தா வெயில் ஏறதுக்கு முன்னாடி அடிக்கணும்டா" என்றார். பூச்சிக்கொல்லியானாலும் யூரியாவானாலும் அம்மாவுக்கு மருந்துதான். நம் சொல் அந்த 'மருந்து அடிக்கிற' பழக்கத்தோடு மோதி நிற்கவேண்டும். அதனால் 'தெளிப்பு' மட்டும் போதாது, எதைத் தெளிக்கிறோம் என்பதும் தெரியவேண்டும்.

அப்புறம் ஒன்று. துளி உருண்டு ஓடாமல் இலையில் பரவ ஒரு சொட்டுச் சோப்புக் கலக்கிறோமே, அதை 'ஒட்டும் திரவம்' என்கிறார்கள். அது ஒட்டவைப்பதைவிடப் பரவவைப்பதுதான் அதிகம். 'பரப்பி' என்றால் சரிவருமா?