என் ஷாட்டைத் திருப்பி அனுப்பியவர்கள்

காம்பாசிட்டிங் (தனித்தனிப் படங்களை ஒரே காட்சியாக இணைக்கும்) பிரிவிலிருந்து:

திரைப்படக் காட்சி விளைவுத் (விஎஃப்எக்ஸ்) தொழிலில் நம்மைத் திருத்திய ஒருவரைப் பற்றி ஆளுக்கொரு சம்பவம் எழுதலாமே என்று பேசியிருந்தோம். நானே தொடங்கிவைக்கிறேன்.

நான் இத்துறைக்கு வந்தபோது பறக்கும் அரக்கர்களையும் இடிந்து விழும் கோபுரங்களையும் உருவாக்கப் போகிறேன் என்றே நினைத்திருந்தேன். முதல் எட்டு மாதங்கள் என் கைக்கு வந்தது ரோட்டோ மட்டும்தான்; அதாவது, நடிகரின் உருவத்தை ஓரம் பிசகாமல் ஃபிரேம் ஃபிரேமாகக் கோடிட்டுப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கும் வேலை. நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் ஐந்து நொடி ஷாட்டுக்கு 120 ஃபிரேம்கள் ஆகின்றன. அதில் நடிகரின் தலைமுடி காற்றில் பறந்தால் அந்த வாரம் முழுவதும் அதிலேயே போய்விடும். அனிமேஷன் கலைஞர் மாக்ஸ் ஃப்ளைஷர் 1915-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ரோட்டோஸ்கோப் கருவி, படம்பிடித்த அசைவின் மேல் ஓவியம் தீட்டுவதற்கானது என்பதும், எங்கள் வேலையின் பெயர் அதிலிருந்தே வந்தது என்பதும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு அது வெறும் தண்டனையாகவே பட்டது.

ஒருநாள் ரோட்டோ பிரிவின் தலைமைக் கலைஞர் என் இருக்கைக்கு வந்தார். ஓடிவரும் மனிதன் ஒருவனின் ஷாட்டை முடித்துவிட்டதாக நான் சொல்லியிருந்தேன். அவர் மூலப்படத்தை அணைத்துவிட்டு, பிரித்தெடுத்த உருவம் வெள்ளையாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் தெரியும் மேட்டை மட்டும் ஓடவிட்டார். வெள்ளை உருவத்தின் ஓரம் முழுவதும் கொதிக்கும் பால்போலப் பொங்கிக்கொண்டிருந்தது. "உங்கள் மனிதன் ஓடவில்லை, நடுங்குகிறான்," என்றார். காரணம் எளிது. கவனமாக வேலை செய்கிறேன் என்ற எண்ணத்தில் ஒவ்வொரு ஃபிரேமிலும் புள்ளிகளை நகர்த்தியிருந்தேன். அந்தச் சின்னச் சின்ன வேறுபாடுகள் எல்லாம் சேர்ந்துதான் நடுக்கமாகத் தெரிந்தன. கை எங்கே உச்சத்துக்குப் போகிறது, எங்கே திரும்புகிறது என்று முதலில் பார்த்து, அந்த இடங்களில் மட்டும் கீ வைத்து (கோட்டின் நிலையைக் கையால் பதிவுசெய்து), இடைப்பட்டவற்றை மென்பொருளிடம் விட்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் திருத்த வேண்டும் என்று அவர் சொன்னார். உடல் முழுவதையும் ஒரே கோட்டுக்குள் அடக்காமல், மேல்கை, முன்கை, விரல்கள் ஆகியவற்றைத் தனித்தனி வடிவங்களாகப் பிரிக்கவும் சொன்னார். கையின் வேகத்தால் ஓரம் கலங்கித் தெரியும் ஃபிரேமில், கலங்கலின் வெளிவிளிம்பில் கோடு போட்டிருந்தேன். அது நடுவில் போக வேண்டும், கலங்கலை மென்பொருளின் மோஷன் ப்ளர் வசதி தானே உண்டாக்கும் என்று அதையும் அழித்துக் காட்டினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு எந்த ஷாட்டைத் திறந்தாலும் முதலில் கையைப் பார்க்கிறேன். ரோட்டோ என்பது வரைவதைவிட அசைவைப் படிப்பதுதான் என்பதை எனக்கு வேறு யாரும் அதுவரை சொன்னதில்லை.

காம்பாசிட்டிங்குக்கு மாறிய பிறகு நேர்ந்தது வேறு வகையான பாடம். சன்னலுக்கு வெளியே இருந்த பச்சைத் திரையை நீக்கி இரவு நகரத்தைப் பொருத்தியிருந்தேன். முடித்த வேலையைத் திரையிட்டுப் பார்க்கும் காலை டெய்லீஸில் எனக்கே அது பிடித்திருந்தது. சூப்பர்வைசர் எதுவும் பேசாமல் பார்வைத் திரையின் காமாவை மட்டும், அதாவது இருண்ட பகுதிகள் வெளிச்சமாகத் தெரியும்படி, உயர்த்தினார். அறையின் கறுப்பும் வெளியிருந்த கறுப்பும் வேறுவேறாகப் பிரிந்து, சன்னல் ஒரு சாம்பல் செவ்வகமாகத் துருத்திக்கொண்டு நின்றது. பிறகு வண்ணச் சீரமைப்பில் யாராவது காட்சியைச் சற்று வெளிச்சமாக்கினால் பார்வையாளர் முன்னாலும் அதே செவ்வகம் எழுந்து நிற்கும் என்றார். கறுப்பு, கிரெய்ன் (படத்தில் தெரியும் பொடித் துகள்), ஓரத்தில் தங்கிய பச்சைச் சாயல் என மூன்றையும் சரிசெய்து நான்காம் முறைதான் அது இறுதியானது. அவமானமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அவர் குறை சொன்னது ஷாட்டைத்தான், என்னை அல்ல. இந்த வேறுபாடு தெரியாத மேலாளர்களிடமும் நான் பிற்பாடு வேலை பார்த்திருக்கிறேன்.


லைட்டிங் (கணினியில் உருவான பொருள்களுக்கு ஒளியூட்டும்) பிரிவிலிருந்து:

என்னைத் திருத்தியவர் எங்கள் துறையைச் சேர்ந்தவரே அல்லர், படப்பிடிப்புத் தளத்தில் விளக்குகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். ஒவ்வொரு கேமரா, விளக்கு அமைப்பும் முடிந்ததும் கேமராவுக்கு முன் குரோம் கோளத்தையும் சாம்பல் கோளத்தையும் பிடித்துக் காட்டி, வண்ண அட்டையையும் பதிவுசெய்வது அங்கே என் வேலை. குரோம் கோளம் சுற்றிலும் உள்ள ஒளியைப் பிரதிபலிக்கும். சாம்பல் கோளம் அந்த ஒளி ஒரு பரப்பில் எப்படி விழுகிறது என்பதைக் காட்டும். பல எக்ஸ்போஷர்களில் (ஒளி அளவுகளில்) எடுத்த படங்களைச் சேர்த்து உயர் ஒளிவீச்சுப் படமாக்கி, கணினியில் உருவான பொருளை அந்த ஒளியாலேயே ஒளியூட்டும் முறையைப் கணினி வரைகலை ஆய்வாளர் பால் டெபெவெக் 1998-இல் விளக்கினார். ஏட்டில் படிக்கும்போது எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது.

தளத்தில் எனக்குக் கிடைத்ததோ ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நடிகர்கள் நகரத் தொடங்கியிருந்தார்கள், உதவி இயக்குநர் கையசைத்துக்கொண்டிருந்தார், நான் கோளத்தைத் தவறான இடத்தில் பிடித்து நின்றேன். அந்த மனிதர் விளக்கை அணைக்க நீட்டிய கையை நிறுத்திவிட்டு, "உங்கள் கணினிப் பொம்மை எங்கே நிற்கப் போகிறது?" என்று கேட்டார். கதவருகே என்றேன். அப்படியானால் அங்கே போய் நில்லுங்கள், இங்கிருப்பது வேறு வெளிச்சம் என்று சொல்லி, நான் முடிக்கும் வரை விளக்கை அணைக்காமல் காத்திருந்தார். அதற்குமுன் நான் கேமரா எங்கே இருக்கிறதோ அதன் பக்கத்திலேயே நின்று எடுத்துக்கொண்டிருந்தவன். ஒரு விளக்கிலிருந்து இரண்டடி விலகினாலே வெளிச்சம் எவ்வளவு மாறும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். எனக்கு அது அதுவரை மென்பொருளில் ஓர் எண் மட்டுமே. லைட்டிங் கற்க விரும்பும் இளையவர்கள் புதிய ரெண்டர் மென்பொருளைத் தேடுவதற்குமுன் ஓர் அறையில் ஒற்றை விளக்கை ஏற்றிவைத்து, ஒரு பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து பார்க்கலாம்.


மேட்ச்மூவ் (நிஜக் கேமராவின் அசைவைக் கணினியில் பொருத்தும்) பிரிவில் இருந்தவர்:

மேலே எழுதியவர்கள் நல்லவர்களைச் சந்தித்திருக்கிறார்கள். நான் சந்தித்தது ஒரு கணக்காளரை. ஷாட்டுக்கு இவ்வளவு நாள் என்று மதிப்பிட்டு, படம் முழுவதற்கும் நிலையான ஒரு தொகைக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டு, பிறகு இயக்குநர் மனம் மாறும்போதெல்லாம் அந்தச் செலவை நிறுவனமே சுமக்கும் நடைமுறையை அவர்தான் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நான் மூன்று வாரம் உழைத்துப் பொருத்திய கேமரா அசைவுகள், படத்தொகுப்பில் அந்தக் காட்சியே நீக்கப்பட்டதால் ஒரே நாளில் பயனற்றுப்போயிருந்தன. அந்த வருத்தத்தில்தான் அவரிடம் போயிருந்தேன். ரிதம் அண்ட் ஹ்யூஸ் என்ற காட்சி விளைவு நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு தாக்கல் செய்து, அதே மாதத்தில் 'லைஃப் ஆஃப் பை' படத்தின் காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் விருதையும் வென்றதை அவர்தான் எடுத்துச் சொன்னார். விருதுபெற்ற கலைஞர் மேடையில் நிறுவனத்தின் நிதி நெருக்கடியைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது இசையை ஒலிக்கவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். திறமை இருந்தால் போதும் என்று நம்பியிருந்த எனக்கு அது கசப்பான தகவல்தான். ஆனாலும் அன்றிலிருந்து வேலைக்குச் சேரும்போது மிகைநேர ஊதியம், ஒப்பந்தக் காலம், திரையில் பெயர் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்கிறேன். ஓர் இடத்தில் அப்படிக் கேட்டதற்காகவே என்னை எடுக்கவில்லை. அந்த இடத்தில் சேராததற்காக நான் வருந்தியதில்லை.


முதலில் எழுதியவர்:

லைட்டிங் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் அத்தனை சிரமப்பட்டு எடுக்கும் கோளப் பதிவுகள் பலமுறை எங்களுக்கு வந்து சேர்வதில்லை. படத்தொகுப்பில் பயன்பட்ட டேக்கை மட்டும் எடுத்து அனுப்புவதால் அவை ஏதோ ஒரு வன்வட்டில் தங்கிவிடுகின்றன. குறிப்பேட்டில் டேக் எண்ணோடு, எந்த ஷாட்டுக்கு உரியது என்பதையும் எழுதிவைத்தால் நாங்கள் கேட்டு வாங்கிக்கொள்வோம்.