ரெட்வுட் 1500 செக்கன் என்பது எத்தனை சென்டிஸ்டோக்?

உப்புவெளி மாணவன்:
வணக்கம். சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் நெடுங்காலம் பணியாற்றிய என் அம்மப்பாவின் குறிப்புப் புத்தகம் ஒன்று, பழைய பெட்டியைத் துப்புரவு செய்தபோது அகப்பட்டது. அதில் ஒரு பக்கத்தின் தலைப்பில் ‘எரிஎண்ணெய், 1500 செக்கன், ரெட்வுட் 1’ என்று நீல மையில் எழுதி, அருகே ‘100 ப.’ என்று மிகச் சிறிதாகக் குறித்திருக்கிறார். உயர்தர வகுப்பில் பிசுக்குமையைப் பஸ்கால் செக்கனில் மட்டுமே படித்த எனக்கு, எண்ணெயின் தடிப்பை வெறும் செக்கனில் சொல்லலாம் என்பதே புதிது. 0.247 ஆல் பெருக்கினால் பிசுக்குமையின் இன்னோர் அலகான சென்டிஸ்டோக் கிடைக்கும் என்று ஒரு கைநூலில் கண்டு கணித்தேன். ஏறத்தாழ 370 வந்தது. ஆனால் கப்பல் எரிபொருள் அட்டவணைகளில் 1500 செக்கனுக்கு நேராக 180 சென்டிஸ்டோக் என்றே இருக்கிறது. இரண்டில் எது பிழை?

பழைய எஞ்சின்காரர்:
தம்பி, இரண்டும் சரிதான். உங்கள் அம்மப்பா சிறிதாக எழுதிய அந்த 100 ப. என்பதை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அது 100 பாகை பரனைற்று, அதாவது 37.8 பாகை செல்சியஸ். அந்த வெப்பநிலையில் அந்த எண்ணெய் 370 சென்டிஸ்டோக். அதையே 50 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 180 ஆக இறங்கிவிடும். பழைய வழக்கம் செக்கனை 100 பாகை பரனைற்றில் சொன்னது, புதிய அட்டவணை சென்டிஸ்டோக்கை 50 பாகை செல்சியசில் சொல்கிறது. வெப்பநிலையை எழுதாத பிசுக்குமை எண்ணால் எஞ்சின் அறையில் ஒரு பயனும் இல்லை.

செக்கன் எப்படி வந்தது என்றால், ரெட்வுட் கருவி என்பது அடியில் அகேட் கல்லில் துளையிட்ட ஒரு கிண்ணம். சுற்றிலும் நீர்த்தொட்டி இருக்கும். எண்ணெய் குறித்த வெப்பநிலைக்கு வந்ததும் துளையை அடைத்திருக்கும் குண்டைத் தூக்கிவிட்டு, கீழே உள்ள குடுவையில் 50 மில்லிலீற்றர் நிரம்ப எத்தனை செக்கன் எடுக்கிறது என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். 2000 செக்கனைத் தாண்டும் தடித்த எண்ணெய்க்கு அகன்ற துளையுள்ள இரண்டாம் இலக்கக் கருவி உண்டு; அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரத்தில் வேலையை முடிக்கும். பிரித்தானியக் கடற்படைத் தலைமையகத்தின் பெயரால் அதை அட்மிரல்டி கருவி என்றும் சொல்வார்கள். திருகோணமலைச் சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்களைக் கட்டியதும் அதே கடற்படைதான் என்பதால், அந்தப் பெயர் நம் ஊருக்கு அவ்வளவு அந்நியமானதல்ல.

நிலாவெளியான்:
இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? 370 சென்டிபொய்ஸ் என்று எழுதிவிடுங்கள். எல்லாம் ஒன்றுதான்.

பௌதிகவியல் ஆசிரியை:
ஒன்றல்ல. பொய்ஸ் என்பது திரவம் வழுக்கி ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பை மட்டும் அளப்பது. 10 பொய்ஸ் ஒரு பஸ்கால் செக்கன், 20 பாகை செல்சியசில் நீருக்கு ஏறத்தாழ ஒரு சென்டிபொய்ஸ். அந்த எதிர்ப்பை அடர்த்தியால் வகுத்தால் வருவது ஸ்டோக்ஸ். ரெட்வுட் கிண்ணத்தில் எண்ணெயை வெளியே தள்ளுவது அதன் சொந்தப் பாரமே ஆதலால், அடர்த்தி கூடிய திரவம் தன்னைத் தானே கூடுதலாகத் தள்ளிக்கொள்கிறது. ஆகவே அந்தக் கிண்ணம் தரும் நேரத்திலிருந்து ஸ்டோக்ஸைத்தான் பெறலாம், பொய்ஸை நேரே பெற முடியாது. கிண்ணியாத் தயிருக்கு ஊற்றும் கித்துள் பாணியையும் தேங்காய் எண்ணெயையும் ஒரே துளையில் ஓடவிட்டால், பாணி தன் கூடுதலான பாரத்தால், தன் தடிப்புக்கு ஏற்ற வேகத்தைவிடச் சற்றே விரைந்து ஓடி, தன் உண்மையான தடிப்பைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும்.

மாணவரின் எண்ணெய்க்கு அந்த வெப்பநிலையில் அடர்த்தி மில்லிலீற்றருக்கு 0.95 கிராம் என்று கொண்டால், 370 சென்டிஸ்டோக் என்பது ஏறக்குறைய 352 சென்டிபொய்ஸ். இன்னொன்று: 0.247 ஆல் பெருக்கிய பின், 50 ஐச் செக்கனால் வகுத்துக் கழிக்கவும் வேண்டும். 1500 செக்கனில் அது தூசி. 100 செக்கனுக்குக் கீழே ஓடும் மெல்லிய எண்ணெய்களுக்கு இந்தச் சூத்திரமே பொருந்தாது, குணகங்கள் வேறு.

உப்புவெளி மாணவன்:
மிக்க நன்றி ஐயா, ரீச்சர். நேற்று ஒரு பால்மாத் தகரத்தின் அடியில் ஆணியால் துளையிட்டு, மாமாவின் வள்ளத்து எஞ்சின் எண்ணெயை அதில் ஊற்றி, மருந்துக் குவளையில் 50 மில்லிலீற்றர் பிடித்தேன். காலை ஆறு மணிக்கு 96 செக்கன் எடுத்தது; நண்பகல் வரை முற்றத்து வெயிலில் வைத்த அதே எண்ணெய் 41 செக்கனில் ஓடிவிட்டது. அம்மப்பாவின் அடுத்த பக்கத்தில் 3500 செக்கன் என்று இருக்கிறது. அப்படியானால் 100 பாகை பரனைற்றில் ஏறத்தாழ 864 சென்டிஸ்டோக், 50 பாகை செல்சியசில் அட்டவணை சொல்லும் 380, சரியா?

பழைய எஞ்சின்காரர்:
சரி. அந்த 380 ஐ எஞ்சினுக்குள் பீச்சுவதற்கு 10 முதல் 15 சென்டிஸ்டோக் வரை இறக்க வேண்டும். அதற்கு நூறு பாகை செல்சியசையும் தாண்டிச் சூடாக்குவோம். அந்தப் பக்கத்தில் வேறு ஏதாவது வெப்பநிலை எழுதியிருந்தால் அது அதற்காகத்தான் இருக்கும், பாருங்கள்.